திரையில் கோடு, கறுப்பு, நடுக்கம்... 'ஃபார்மேட் பண்ணிடலாம்'னு சொன்னா தலையாட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

"விண்டோஸ் கரப்ட் ஆகிடுச்சு. ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாகும்!"

ஜர்னலிசம் டிப்ளமோ படிச்சிட்டிருந்தப்போ, என் லேப்டாப்பை ரெண்டே விநாடி பார்த்துட்டு ஒரு கடைக்காரர் சொன்ன தீர்ப்பு இது. பிரச்னை என்னன்னா, திரையில் ஒரு பச்சைக் கோடு விழுந்திருந்தது. ஒரே வாரத்தில் ஒண்ணு நாலாச்சு. அப்பப்போ முழுத் திரையும் கறுப்பாகித் திரும்பி வரும். கம்ப்யூட்டர் பத்தி எனக்கு எதுவும் தெரியாது. 'சரிண்ணே'ன்னு தலையாட்டிட்டு வந்துட்டேன். சாயங்காலம் காசு கொடுத்து வாங்கிட்டு வந்து வீட்டில் ஆன் பண்ணினா, பளிச்சுனு புது விண்டோஸ். அதுக்கு மேல அதே நாலு பச்சைக் கோடு.

கோடு போகலை. போனது வேற. புராஜெக்ட்டுக்காக ஊருக்குப் போய் எங்க பாட்டியைப் பேசவெச்சு, மூணு மணி நேரம் ரெக்கார்டு பண்ணி வெச்சிருந்தேன். கல்யாணமாகி வந்த கதை, புயல் அடிச்ச வருஷம், நாத்து நடும்போது பாடுற பாட்டுன்னு எல்லாமே அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. அடுத்த வருஷம் பாட்டியும் இல்லை.

அப்புறம் வேறொரு கடையில் திறந்து பார்த்தாங்க. மூடியை மூடித் திறந்து, மூடித் திறந்து, திரைக்குப் போற மெல்லிய கேபிள் நைஞ்சு போயிருந்தது. அதை மாத்தினதும் கோடு போயிடுச்சு. கேபிள் பிரச்னைக்கும் ஃபார்மேட்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்லைங்கிறது அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சது. அதைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே ரெண்டு நிமிஷம் போதுங்கிறது இன்னும் லேட்டாத்தான் தெரிஞ்சது.

அதனால, இந்தக் கட்டுரையில் கம்ப்யூட்டரை 'ரிப்பேர்' பண்ணக் கத்துக்கொடுக்கப் போறதில்லை. பிரச்னை எங்கே இருக்குனு கண்டுபிடிக்கிறது மட்டும்தான் நம்ம வேலை. திரையா, உள்ளேயா? இயந்திரமா, விண்டோஸா? விண்டோஸா, ஒரே ஒரு ஆப்பா? இந்த மூணு கேள்விக்கு விடை தெரிஞ்சா, பாதிப் பிரச்னை வீட்டிலேயே முடிஞ்சிடும். மீதிப் பாதிக்குக் கடைக்குப் போனாலும் ஏமாற மாட்டீங்க. இதுக்குத் தேவையான முக்கியக் கருவி, இப்போ உங்க கையில் இருக்கிற போன்தான்.

கோடு விழுதா?

திரையில் கோடு, புள்ளி, கலர் கலரா பட்டை தெரிஞ்சா முதல்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்க. அதை போனுக்கு அனுப்பித் திறந்து பாருங்க. போனில் படம் சுத்தமா இருந்தா, கம்ப்யூட்டர் படத்தை ஒழுங்காத்தான் உருவாக்குது, அதைக் காட்டுற திரையோ கேபிளோதான் தகராறு பண்ணுதுன்னு பெரும்பாலும் சொல்லிடலாம். ஸ்க்ரீன்ஷாட்டிலேயே கோடு இருந்தா கோளாறு உள்ளே, அதாவது கிராஃபிக்ஸ் கார்டிலோ அதோட டிரைவரிலோ இருக்கு.

இதை இன்னும் உறுதிப்படுத்தணுமா? ஹெச்.டி.எம்.ஐ கேபிளில் வீட்டு டி.வி-யோட இணைச்சுப் பாருங்க. டி.வி-யில் கோடு இல்லைன்னா திரைப் பக்கம்தான் பிரச்னை. லேப்டாப் மூடியை மெதுவா முன்னும் பின்னும் அசைக்கும்போது கோடு மாறுதுன்னா, கேபிள் மேல பலமா சந்தேகப்படலாம்.

மூணாவதா ஒரு சோதனை இருக்கு. எனக்குப் பிடிச்சதும் இதுதான். ஆன் பண்ணின உடனே எஃப்2 அல்லது டெலீட் கீயை விட்டுவிட்டு அழுத்தினா பயாஸ் திரை வரும் (கம்பெனிக்குக் கம்பெனி இந்த கீ மாறும்). அங்கேயும் கோடு தெரியுதா? விண்டோஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. அப்படின்னா அதை அழிச்சு என்ன பிரயோஜனம்? கடைக்காரர் 'ஃபார்மேட்'னு ஆரம்பிச்சா, இதை மட்டும் கேளுங்க.

திரையே வரலையா?

பவர் லைட் எரியுது, ஃபேன் சத்தம் கேக்குது, ஆனா திரை கும்மிருட்டு. இந்த நேரத்தில் கேப்ஸ் லாக் கீயைத் தட்டுங்க. அதோட குட்டி லைட் எரிஞ்சு அணைஞ்சா கம்ப்யூட்டர் உயிரோடதான் இருக்கு, உங்களால அதைப் பார்க்க முடியலை, அவ்ளோதான். லைட்டே மாறலைன்னா உள்ளே எங்கேயோ ஸ்டக் ஆகி நிக்குது.

உயிரோட இருக்குன்னு தெரிஞ்சா போன் டார்ச்சை எடுங்க. அறையை இருட்டாக்கி, திரைக்குப் பக்கத்தில் சாய்வா வெளிச்சம் அடிங்க. உள்ளே ஐகான்கள் மங்கலா, பேய்ப்படம் மாதிரி தெரிஞ்சா, படம் வந்துட்டுதான் இருக்கு. பின்னாடி இருந்து ஒளி கொடுக்கிற பேக்லைட் போயிடுச்சு. இதுக்கும் ஃபார்மேட் தேவையில்லை.

எதுவுமே தெரியலைன்னா, விண்டோஸ் + கன்ட்ரோல் + ஷிஃப்ட் + பி நாலையும் சேர்த்து அழுத்துங்க. இது ஏ, பி, சி-யில் வர்ற பி. கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் அணைச்சு மறுபடி எழுப்பிவிடுற ஷார்ட்கட் இது. 'பீப்'னு ஒரு சத்தம் கேட்டு, திரை ஒருமுறை கண் சிமிட்டும். திறந்து வெச்ச ஃபைல் எதுவும் போகாது.

இன்னொரு ஷார்ட்கட், விண்டோஸ் + பி. இது 'ஓ'வுக்கு அடுத்து வர்ற பி. (தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு, நான் என்ன பண்ண?) படம் எந்தத் திரைக்குப் போகணும்னு முடிவு பண்றது இதுதான். எங்க சித்தி வீட்டு லேப்டாப் ஒருநாள் 'செத்துப்போச்சு'ன்னு போன் வந்தது. போய்ப் பார்த்தா, முந்தின நாள் மேட்ச் பார்க்க டி.வி-யில் மாட்டின கேபிள் அப்படியே இருக்கு. 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி'னு தம்பி போட்டு வெச்சிருந்தான். கேபிளைப் பிடுங்கினதும் லேப்டாப் எழுந்து உக்கார்ந்துடுச்சு. அன்னிக்கு சித்தி வீட்டில் எனக்கு வடை பாயசத்தோட சாப்பாடு.

டெஸ்க்டாப்பில் 'நோ சிக்னல்'னு வந்தா, முதல்ல அது நல்ல செய்தின்னு எடுத்துக்கங்க. அந்த எழுத்தைக் காட்டுறதே மானிட்டர்தான். அதாவது, மானிட்டர் வேலை செய்யுது, அதுக்குப் படம்தான் வரலை. மானிட்டர் பட்டனில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' சரியா இருக்கானு பாருங்க. அப்புறம் கேபிளை ரெண்டு பக்கமும் கழற்றி மாட்டுங்க. ஆயுத பூஜைக்குத் துடைச்சு, சந்தனம் குங்குமம் வெச்ச மறுநாள்தான் இந்தப் பிரச்னை அதிகமா வரும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிற மெஷினில், துடைச்சுட்டு மாட்டும்போது கேபிளை மேல இருக்கிற மதர்போர்டு போர்ட்டில் சொருகிடுவாங்க. அது கார்டில் இருக்கிற போர்ட்டுக்குப் போகணும்.

அதுக்கும் வரலைன்னா ரேம். பிளக்கைப் பிடுங்கிட்டு, கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் கரன்ட்டை இறக்கிட்டு, ரேமைக் கழற்றி 'க்ளிக்' சத்தம் கேக்குற வரைக்கும் திரும்ப அழுத்தி மாட்டணும். லேப்டாப்னா சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடிச்சு, மறுபடி சார்ஜர் போட்டு ஆன் பண்ணிப் பாருங்க. உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரம் வடிஞ்சதும் எழுந்துக்கிற லேப்டாப்கள் நிறைய.

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாடாதீங்க. மானிட்டரையும், எஸ்.எம்.பி.எஸ்-னு சொல்ற பவர் சப்ளை பெட்டியையும் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கின பிறகும் அதுங்களுக்குள்ள ஷாக் அடிக்கிற அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும்.

திரை நடுங்குதா?

திரை படபடன்னு துடிச்சா கன்ட்ரோல் + ஷிஃப்ட் + எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்க. மத்ததெல்லாம் துடிக்கும்போது டாஸ்க் மேனேஜர் மட்டும் அசையாம நின்னா, ஏதோ ஒரு ஆப் பண்ற வேலை. கடைசியா என்ன இன்ஸ்டால் பண்ணீங்கனு யோசிச்சு, அதைத் தூக்கிடுங்க. டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து ஆடுதுன்னா, டிஸ்ப்ளே டிரைவர். டிவைஸ் மேனேஜர் போய், டிஸ்ப்ளே அடாப்டரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தா பழைய டிரைவருக்குப் போயிடும். அந்த பட்டன் மங்கலா இருந்தா திரும்பப் போக பழைய டிரைவர் இல்லைன்னு அர்த்தம். லேப்டாப் கம்பெனியோட சைட்டில் இருந்து உங்க மாடலுக்கான டிரைவரை இறக்கிக்கலாம். 'டிரைவர் அப்டேட்டர்'னு கூகுளில் தேடி வர்ற இலவச சாஃப்ட்வேர் பக்கம் மட்டும் போயிடாதீங்க. ஒரு பிரச்னையோட போய் நாலு பிரச்னையோட வருவீங்க.

திரை தலைகீழா நிக்குறது, எழுத்தெல்லாம் பெருசாகுறது, எல்லாம் மஞ்சளாத் தெரியுறது இதெல்லாம் பெரும்பாலும் வீட்டுக் குட்டீஸ் கைவண்ணம். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஓரியன்டேஷன், ஸ்கேல், நைட் லைட் மூணையும் பார்த்தா முடிஞ்சது.

தமிழ் மட்டும் கிறுக்கலா வருதா?

அப்பா பழைய வேர்டு ஃபைல் ஒண்ணைத் தேடி எடுக்கிறார். சங்கத்துக்கு எழுதின கடிதம். திறந்தா இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து என்னென்னவோ தெரியுது. 'வைரஸ்'னு முடிவு பண்ணி டெலீட் பண்ணப்போற நேரம் அது. பண்ணாதீங்க! ஃபைல் பத்திரமா இருக்கு. அது பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் டைப் பண்ணினது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் இங்கிலீஷ் எழுத்துகளோட இடத்தில் தமிழ் வடிவத்தை உக்காரவெச்சு வேலை பார்த்தன. எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தா, அடியில் இருக்கிற இங்கிலீஷ் எழுத்து வெளியே தெரியும். அந்த எழுத்துருவை இன்ஸ்டால் பண்ணாலே தமிழ் திரும்பி வந்துடும். இல்லைன்னா, அப்படியே காப்பி பண்ணி 'பாமினி டு யூனிகோட்' கன்வெர்ட்டரில் போட்டா, போனிலும் படிக்கிற மாதிரி மாறிடும். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமா அறிவிச்சது 2010-ல்தான். அதனால, அதுக்கு முந்தைய ஃபைல்களில் இந்த வம்பு இருக்கத்தான் செய்யும்.

எழுத்துக்குப் பதிலா கட்டம் கட்டமா தெரிஞ்சா அது வேற கதை. அந்த ஆப் பயன்படுத்துற எழுத்துருவில் தமிழே இல்லைன்னு அர்த்தம். நிர்மலா யு.ஐ-க்கு மாத்திப் பாருங்க. விண்டோஸ் 8-ல் இருந்து கூடவே வருது. பழைய லதா எழுத்துரு வேணும்னா, விண்டோஸ் 10-க்கு மேல 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய்த் தமிழ் எழுத்துருக்களைச் சேர்த்துக்கலாம்.

நெட் இருக்கு, சைட் திறக்கலையா?

போனில் திறக்கிற சைட் கம்ப்யூட்டரில் மட்டும் 'பாதுகாப்பு இல்லை'னு மிரட்டுதா? கீழே வலது மூலையில் தேதியைப் பாருங்க. பல வருஷம் பின்னாடி போயிருந்தா காரணம் அதுதான். ஒவ்வொரு சைட்டுக்கும் இந்தத் தேதியில் இருந்து இந்தத் தேதி வரைன்னு ஒரு சான்றிதழ் இருக்கும். உங்க கம்ப்யூட்டர் தப்பான வருஷத்தில் உக்கார்ந்துக்கிட்டு, அது இன்னும் செல்லுபடியாகலைன்னு அடம்பிடிக்குது. தேதியைச் சரிபண்ணுங்க. டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு தடவை கரன்ட் போய் வரும்போதும் தேதி பின்னாடி போனா, மதர்போர்டில் இருக்கிற காசு மாதிரி வட்ட பேட்டரி தீர்ந்துடுச்சு. பெரும்பாலும் சி.ஆர்.2032-னு எழுதியிருக்கும். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

வை-ஃபையே காணோம்னா போனை யு.எஸ்.பி கேபிளில் இணைச்சு, 'யு.எஸ்.பி டெதரிங்' ஆன் பண்ணுங்க. வை-ஃபை டிரைவர் இல்லாமலேயே நெட் வந்துடும். அதை வெச்சே டிரைவரையும் இறக்கிக்கலாம்.

அப்புறம், ஒரு சின்ன ரகசியம். 'ஷட்டவுன் பண்ணி ஆன் பண்ணிட்டேன், சரியாகலை'னு சொல்வீங்க. விண்டோஸ் 8-ல் இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு இருக்கு. ஷட்டவுன் பண்ணும்போது விண்டோஸோட மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் சேமிச்சுட்டு, ஆன் பண்ணும்போது அதையே திரும்ப எடுக்கும். சில நேரம் கோளாறும் கூடவே வந்துடும். ரீஸ்டார்ட் கொடுத்தாத்தான் எல்லாம் புதுசா ஆரம்பிக்கும்.

சேஃப் மோடு தெரிஞ்சு வெச்சுக்கங்க

2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? ஏர்போர்ட்டில் கையால எழுதின போர்டிங் பாஸ் கொடுத்தாங்களே, அந்த நாள். கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி அனுப்பின ஒரு தப்பான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் மாட்டிக்கிச்சு. அதைச் சரிபண்ண, சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிச்சாங்க. யாரும் ஃபார்மேட் பண்ணச் சொல்லலை.

சேஃப் மோடுங்கிறது அத்தியாவசியமான டிரைவர்களை மட்டும் வெச்சுக்கிட்டு விண்டோஸ் எழுந்துக்கிற நிலை. லோகோ வரும்போது பவர் பட்டனை அழுத்தி அணைங்க. இப்படி ரெண்டு மூணு தடவை பண்ணினா, விண்டோஸே ரிப்பேர் திரையைக் காட்டும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் போய், ரீஸ்டார்ட் கொடுத்து 4-ஐ அழுத்துங்க. சேஃப் மோடில் எல்லாம் நல்லா இருந்தா, விண்டோஸின் அடிப்படை நல்லாத்தான் இருக்கு, பின்னாடி நீங்க சேர்த்த டிரைவரோ ஆப்போதான் குழப்புதுன்னு அர்த்தம்.

நீலத் திரை வந்தா பதறி ஆஃப் பண்ணாம, போனில் ஒரு போட்டோ எடுங்க. அதில் இருக்கிற 'ஸ்டாப் கோடு'தான் தேடுறதுக்கான துப்பு.

ரிப்பேர் திரைக்குள்ள போகும்போது சிலருக்கு 48 இலக்க 'பிட்லாக்கர் ரெக்கவரி கீ' கேக்கும். பல புது லேப்டாப்களில் டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கும், நமக்கே தெரியாது. உங்க மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாகின் பண்ணினா, பெரும்பாலும் அங்கே அந்த கீ சேமிக்கப்பட்டிருக்கும். எல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே, இன்னிக்கே அதைப் பார்த்து எழுதி வெச்சுக்கங்க. அந்தச் சாவி இல்லைன்னா உள்ளே இருக்கிறது யாருக்கும் கிடைக்காது, உங்களுக்கும்தான்.

திரை அலறினா..?

திடீர்னு முழுத் திரையும் சிவப்பாகி, சைரன் அடிச்சு, 'உங்க கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க'ன்னு வந்தா, அது கம்ப்யூட்டர் கோளாறே இல்லை. பிரவுசரை முழுத் திரைக்கு விரிச்சு வெச்சிருக்கிற ஒரு வெப்பேஜ். மைக்ரோசாஃப்ட்டின் நிஜமான எரர் மெசேஜில் போன் நம்பர் இருக்கவே இருக்காது. எஸ்கேப் கீயைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிங்க, இல்லைன்னா டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை மூடுங்க. மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கொடுக்காதீங்க. வீட்டில் யாராவது அந்த நம்பருக்குப் பேசி, அவங்க சொன்ன ரிமோட் ஆப்பையும் போட்டிருந்தா, உடனே நெட்டைத் துண்டிச்சு, வேற போனில் இருந்து பாஸ்வேர்டுகளை மாத்தி, பேங்க்குக்குச் சொல்லுங்க. பணம் போயிருந்தா 1930-க்கு போன் பண்ணுங்க, சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண் அது. எவ்வளவு சீக்கிரம் சொல்றீங்களோ, பணத்தை வழியிலேயே முடக்குற வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

கடைக்குப் போறதுன்னு முடிவாகிடுச்சா?

போங்க, தப்பே இல்லை. எனக்குக் கேபிளை மாத்திக் கொடுத்தவரும் கடைக்காரர்தான். ஆனா கொடுக்கும்போது 'ஸ்லோ ஆகுது, என்னனு பாருங்கண்ணே'ன்னு மொட்டையா சொல்லாதீங்க. 'பயாஸ்லயே கோடு வருதுண்ணே. டி.வி-யில் மாட்டினா வரலை'ன்னு சொல்லிப் பாருங்க, பேச்சே மாறும். 'டிஸ்க்கில் கைவைக்கக் கூடாது, வைக்கணும்னா எனக்கு போன் பண்ணிட்டு வைங்க'ன்னு ரசீதிலேயே எழுதி வாங்குங்க. மாத்தின பார்ட்டைத் திருப்பிக் கேளுங்க.

விண்டோஸ் எழவே இல்லைன்னாலும் டிஸ்க் நல்லா இருந்தா, உள்ளே இருக்கிறதை எடுக்க முடியும். டிஸ்க்கைக் கழற்றி, யு.எஸ்.பி உறை ஒண்ணில் போட்டு வேற கம்ப்யூட்டரில் மாட்டினா, பென் டிரைவ் மாதிரி திறக்கும். பூட்டப்பட்ட டிஸ்க்குன்னா அந்த 48 இலக்கம் வேணும். நிஜமாவே விண்டோஸ்தான் பழுதுன்னா, 'ரீசெட் திஸ் பி.சி'-யில் 'கீப் மை ஃபைல்ஸ்'னு ஒரு ஆப்ஷன் இருக்கு. ஆப் எல்லாம் போகும், உங்க ஃபைல்கள் இருக்கும். இருந்தாலும் முதல்ல காப்பி எடுத்துட்டுச் செய்யுங்க.

என் கதையில், மூணு மணி நேரத்தில் நாலு நிமிஷம் மட்டும் தப்பிச்சது. பாட்டி நாத்து நடவுப் பாட்டு பாடின துண்டை 'கேளுடி'னு தங்கச்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். அவ அதை அழிக்காம வெச்சிருந்தா.

ஒருவேளை, ஏற்கெனவே யாராவது ஃபார்மேட் பண்ணிட்டாங்கன்னா, அந்த நிமிஷமே கம்ப்யூட்டரை அணைச்சுடுங்க. எதையும் இன்ஸ்டால் பண்ணாதீங்க, ரெக்கவரி சாஃப்ட்வேரைக்கூட அந்த டிஸ்க்கில் போடாதீங்க. பழைய ஹார்டு டிஸ்க்கில் 'குயிக் ஃபார்மேட்'னா, மேல புதுசா எதுவும் எழுதாத வரைக்கும் மீட்க நல்ல வாய்ப்பு உண்டு. எஸ்.எஸ்.டி-ன்னா வாய்ப்பு ரொம்பக் குறைவு. அழிச்ச இடத்தை அதுவே பின்னணியில் சுத்தம் பண்ணிடும். டேட்டா ரெக்கவரிக்குன்னே இருக்கிறவங்ககிட்ட, அன்னிக்கே கொண்டு போங்க.